சுவரோரம் நடந்த சீசர்

அந்தக் கோடு முதலில் கண்ணில் பட்டபோது சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். வெள்ளையடித்த கூடத்துச் சுவர். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வாசல் நிலையில் தொடங்கிச் சமையலறைக் கதவு வரைக்கும், எண்ணெய்க் கையை வைத்து இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. தொட்டுப் பார்த்தேன், பிசுக்காக இருந்தது. நாலைந்து பழுப்பு மயிர்கள் ஒட்டியிருந்தன. ஒரு நாயின் உடம்பு உராய்ந்து உராய்ந்து விழுந்த கோடு அது என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. அது ஏன் விழுந்தது என்பதும் விளங்கியது. இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகளே, காட்டுப்பாக்கத்து வீட்டில் மரத்தரை போட்ட கையோடு நாய்க்குட்டி வேண்டும் என்கிறீர்கள். நகம் பட்டால் தரை கெட்டுவிடுமா என்று என்னிடம் கேட்டீர்கள், நான் ஒரு காலத்தில் பாலிஷ் வேலை பார்த்தவன் என்பதால். தேக்கு தாங்கும். கீறல் விழும், தேய்த்தால் போய்விடும். தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற இடம் கறுக்கும், அதற்கும் வழி உண்டு. இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பட்டாபிராமில் இருந்த சுபேதார் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை மட்டும் சொன்னால் பாதிப் பொய் சொன்னவன் ஆவேன்.

எண்பதுகளின் கடைசி அது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு கட்டினார். சுற்றிலும் எல்லார் வீட்டிலும் சிமெண்ட் தரை, கொஞ்சம் வசதி என்றால் மொசைக். இவர் மட்டும் எங்கோ இடித்த பழைய கட்டடத்தின் தேக்குப் பலகைகளை லாரியில் கொண்டுவந்து இறக்கிக் கூடம் முழுக்கப் பரப்பினார். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், வடக்கே ஒரு மலை ஊரில், அதிகாரிகள் சாப்பிடும் கூடத்து மரத்தரைக்கு மூன்று வருஷம் மண்டியிட்டு மெழுகு தேய்த்தவராம். "என் மூஞ்சி அதுல தெரியும் தம்பி. ஆனா கால வெச்சேன்னா தொலைஞ்சேன்" என்பார். அதனால் தன் வீட்டுத் தரையிலும் முகம் தெரிய வேண்டும் அவருக்கு. "எங்கிட்ட காட்டாத ஆசைய எல்லாம் இந்தப் பலகைகிட்ட காட்றாரு" என்று அவர் மனைவி, நாங்கள் அம்மா என்று கூப்பிடுபவர், அவர் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்.

சீசர் அவர் வளர்த்த அல்சேஷன். வாசல் கேட் சத்தம் கேட்டால் போதும், கொல்லையிலிருந்து கூடத்தின் குறுக்கே பாய்ந்து வரும். திரும்புகிற இடத்தில் நகம் ஊன்றி, பலகையில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். ஐயாவால் அதைப் பார்க்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்குப் பாலிஷ் அடித்து, தேன்மெழுகையும் டர்பன்டைனையும் கலந்து பூசினேன். ஆழமான கீறல்கள் தெரியாமலிருக்க ஒரு பூச்சு அதிகமாகவே ஏற்றினேன். நாலு நாள் வேலை. கடைசியில் ஜன்னல் கம்பிகள் தரையில் எண்ணிப் பார்க்கிற மாதிரி தெரிந்தன. ஐயா குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வாசலில் கொண்டுவந்து விட்டதும் சீசர் ஒரு காலை உள்ளே வைத்தது. உடனே எடுத்துக்கொண்டது. அதன் முதுகு மயிர் சிலிர்த்து நின்றதை நான் பார்த்தேன். "இன்னாடா, மகாராஜாவுக்குக் கம்பளம் விரிக்கணுமா?" என்றார் அம்மா. நாங்கள் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. "திமிரு. வேற ஒண்ணுமில்ல" என்றார். பிறகு என் பையிலிருந்த அரத்தைக் காட்டி, "மறுபடி கீறிடும். நகத்த ஒட்ட அராவி உடு தம்பி" என்றார். சீசர் ஒவ்வொரு காலாகத் தானே நீட்டியது. நகத்துக்குள் ரத்தச் சிவப்பு தெரிகிற வரைக்கும் அராவினேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஐயா தினமும் கூடத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, இங்கே வா என்று அதற்கு உத்தரவு போட ஆரம்பித்தார். கால் நாலும் நாலு பக்கம் விரிய, வயிறு தரையில் படப் படக் கடந்து வரும். பிடிமானத்துக்கு நகமும் இல்லை. நடுக்கூடத்தில் வரப் பயந்து, சுவரில் சாய்ந்துகொண்டே நடக்கப் பழகியது. அப்படி விழுந்ததுதான் அந்தக் கோடு. மெழுகைப் புதுப்பிக்க நான் போகும்போதெல்லாம் அது இன்னும் தடித்திருந்தது. "அதுக்கு இந்த பாலிஷக் கண்டாத்தான் பயம். எனக்கே ஈரக்காலோட வந்தா வழுக்கிது. நீயாவது அவராண்ட சொல்லேன்" என்றார் அம்மா. "பழகிடும்மா" என்றேன். அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டி வந்து தரையைக் காட்டி, இந்தத் தம்பி கை வேலை என்று ஐயா சொல்வார். அந்தப் பேச்சை இழக்க எனக்கு மனமில்லை. காரணம் அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில், கூப்பிட்டும் சீசர் சுவரை விட்டு நகரவில்லை. ஐயா சாக்ஸ் போட்ட காலோடு நடந்து போய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். இரண்டு பேரும் விழுந்தார்கள். நாய் எழுந்து வெளியே ஓடிவிட்டது. ஐயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, கூடத்தின் கடைசியில் ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். சீசர் அன்றிலிருந்து வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அம்மா கோணிச் சாக்கை விரித்துப் பார்த்தார். மெழுகின் மேல் சாக்கே நழுவியது. தூக்கி வரப் பார்த்தால் நிலையைக் கால்களால் கட்டிக்கொண்டு ஊளையிட்டது.

தாமதமாகத்தான் சேதி கேட்டு நான் போனபோது மத்தியானம். ஐயா பாதியாக இளைத்திருந்தார். மூச்சில் கரகரப்பு. "வாடா கண்ணு... வாடா..." என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் உத்தரவு எதுவும் மிச்சமில்லை. வாசலில் நாய் நடுங்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் ஐயா சொன்னார்: "நீ போட்டது நல்லா கீது தம்பி. இன்னும் பளபளன்னுதான் கீது." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதே மண்டியிட்டேன். முரட்டு உப்புத்தாளால், மூன்று பலகை அகலத்துக்கு, வாசலிலிருந்து கட்டிலை நோக்கித் தேய்க்கத் தொடங்கினேன். மெழுகு உருண்டு உருண்டு வந்தது. பளபளப்பு போய் மரம் வெளுத்த இடத்தில் சீசர் முகர்ந்து பார்த்தது, ஒரு காலை வைத்தது, நின்றது. நான் ஒரு முழம் நகர்ந்தால் அதுவும் ஒரு முழம் நகர்ந்தது. அதன் மூச்சு என் குதிகாலில் பட்டுக்கொண்டே இருந்தது. இருட்டுவதற்குள் ஆறடி பாக்கி. கை மரத்துவிட்டது. ஐயா கட்டிலிலிருந்து கையை நீட்டினார், எட்டவில்லை. "காலைல வந்து முடிச்சிடறேன் ஐயா" என்றேன். "போய்ட்டு வா. எங்க போயிடப் போறோம்" என்றார்.

காலையில் வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. ஐயாவை வெளியே பந்தலில் கிடத்தியிருந்தார்கள். உள்ளே, நேற்று நான் நிறுத்திய இடத்தில், சீசர் அதே வெளுத்த பலகையின் விளிம்பில் படுத்திருந்தது. "கடைசி வரைக்கும் கூப்ட்டுகினே இருந்தாரு. அதும் அங்கியே அழுதுகினு கெடந்திச்சி" என்றார் அம்மா.

பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தேன். வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அந்த ஆறடியையும் தேய்த்து முடித்து ஒதுங்கினேன். சீசர் எழுந்தது. சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாமல், கூடத்தின் நடுவாக நடந்து போய், வெறும் கட்டிலின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றது.