பாஸ்வேர்டா? அது கஸ்தூரியக்கா கிட்ட இருக்கு

வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கிற கஸ்தூரியக்காவை உங்களுக்குத் தெரியலைன்னா, உங்களுக்கு இன்னும் எந்த சர்ட்டிபிகேட்டும் தேவைப்படலைன்னு அர்த்தம். பட்டா மாத்தணுமா, காலேஜுக்குப் போடணுமா, அக்காதான் ஈமெயில் திறந்து, பாஸ்வேர்டும் வெச்சு, அதைத் தன் மண்டையிலயே ஏத்திக்குவாங்க. எந்த ஆபீஸ்ல பாஸ்வேர்டு கேட்டாலும் நம்ம ஜனம் கொஞ்சமும் கூச்சப்படாம, "அது கஸ்தூரியக்கா கிட்ட இருக்கு"ன்னுடும். வீட்டுச் சாவியை எதிர்வீட்டுல குடுத்துட்டு ஊருக்குப் போற ஜனமாச்சே!

அந்த மண்டையிலதான் போன வருஷம் ரத்தம் கட்டிக்கிச்சு. ஆபரேஷன் முடிஞ்சு, தலையில துணியைக் கட்டிக்கிட்டு கடைக்கு வந்த அன்னிக்கு, எதிர்ல நின்னவரோட பாஸ்வேர்டு வரலை. பேரே வரலை. அக்கா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதுட்டு வந்தாங்க.

வழி சொன்னது பாசில் பாய். ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கிறவர். பிரவுசரோட ஒட்டிக்கிற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு இருக்கு, எல்லாப் பாஸ்வேர்டையும் உள்ள வெச்சுப் பூட்டிக்கும், கேட்கிற இடத்துல அதுவே போட்டுடும்னாரு. அக்கா ஞாபகம் வெச்சுக்க வேண்டியது அதைத் திறக்கிற மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும்தான்.

"அதை மறந்துட்டீங்கன்னா கம்பெனிக்காரனாலயும் திறக்க முடியாதுக்கா."

"யம்மாடி! அண்ணாமலையாரால கூடவா?"

"அவரையும் பாஸ்வேர்டு கேட்கும்."

அக்காவுக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. கடை கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போய், பாய் கடையிலேயே உட்கார்ந்து, கிரிவலப் பாதையில வர்ற எட்டு லிங்கத்தோட பேரையும் வரிசையா, இடைவெளி விடாம அடிச்சாங்க. அதை மறக்கணும்னா இந்த ஊரையே மறக்கணும் இல்லையா? அவங்க அடிக்கும்போது பாய் சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாரு. அப்புறம் நினைவு வர வர, ஒவ்வொருத்தர் பாஸ்வேர்டா அதுக்குள்ள போட்டு வெச்சாங்க. ஒரு தப்பு மட்டும் பண்ணாங்க. நம்ம கடை கம்ப்யூட்டர்தானேன்னு, அதைப் பூட்டவே விடாம செட்டிங்கை மாத்தி வெச்சுட்டாங்க. அன்னிக்கு அடிச்சதோட சரி, அந்த மாஸ்டர் பாஸ்வேர்டை அப்புறம் அடிக்கவே இல்லை.

இந்த வருஷம் கவுன்சிலிங் நேரத்துல மாட்டிக்கிட்டாங்க. அறிவுமதின்னு ஒரு பொண்ணு, நர்சிங்குக்குப் போட்டிருந்தது. எந்தக் காலேஜ் வேணும்னு சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள தேர்வு பண்ணி லாக் பண்ணணும். பாஸ்வேர்டு அக்கா கிட்ட. மறந்துட்டேன்னு சொன்னா ஓடிபி அவங்க அப்பா நம்பருக்குப் போகும். அப்பா தை மாசம் தவறிட்டாரு, நம்பரும் அவரோடயே போச்சு.

அக்கா பிரவுசரைத் திறந்தா எக்ஸ்டென்ஷனைக் காணோம்! ராத்திரி அப்டேட் ஆகியிருக்கு. போன்ல பாய், "மேல புதிர்த் துண்டு மாதிரி ஒரு படம் இருக்கும், அழுத்துங்க. உள்ள அது ஆஃப் ஆகிக் கிடக்கும், ஆன் பண்ணுங்க"ன்னாரு. பண்ணாங்க. வந்துடுச்சு. வந்ததும் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்டுச்சு.

இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சு, அக்னி, எமன்னு போய் ஈசான்யத்துல முடிச்சாங்க. தப்புன்னுச்சு. ஒவ்வொரு எழுத்தா தடவித் தடவி அடிச்சாங்க. மறுபடியும் தப்பு. மண்டையில இன்னும் என்னென்ன போச்சோன்னு அக்கா பயந்துட்டாங்க. அறிவுமதிக்குக் கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு.

"பாய், உங்க கிட்ட சொல்லக்கூடாதுதான். கிரிவல லிங்கத்தைத்தான் வரிசையா வெச்சேன். இந்திர லிங்கத்துல இருந்து அடிச்சுப் பார்த்துட்டேன், எடுக்க மாட்டேங்குது."

பாய் கேட்டாரு, "அக்கா, பௌர்ணமிக்குச் செருப்பை எங்க விடுவீங்க?"

"உங்க கடையிலதான். இது என்ன கேள்வி?"

"ராஜகோபுரத்துல கெளம்புறவங்களுக்குத்தான் இந்திர லிங்கம் முதல்ல வரும். நீங்க என் கடையில இருந்துதானே நடப்பீங்க?"

அக்கா கண்ணை மூடினாங்க. பாய் கடை வாசல்ல செருப்பைக் கழட்டினாங்க. மலை வலப்பக்கம் இருக்க, நடந்தாங்க. முதல்ல ஈசான்யம். இந்திரன் அப்புறம்தான். விரல் தானா போச்சு, குபேரன்ல வந்து நின்னுச்சு.

திறந்துக்கிச்சு.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"ன்னு அக்கா போட்ட சத்தத்துல ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்துட்டாரு. உள்ள பேர் பேரா வரிசையா நின்னுச்சு. ஒவ்வொரு பேரைப் பார்க்கவும் ஒரு மூஞ்சி வந்துச்சு, ஒண்ணு கூட விட்டுப்போகலை. "நான்தான் மறந்தேன், காலு மறக்கலையே! என்ன அதிசயம்டா சாமி!"ன்னு அக்கா தன் ரெண்டு பாதத்தையும் குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

அறிவுமதி அஞ்சுக்கு முன்னாடியே காலேஜை லாக் பண்ணிட்டா. போன்ல "ஆச்சாக்கா?"ன்ன பாய் கிட்ட, "ஆச்சு பாய்!"ன்னாங்க அக்கா.

கெளம்பப் போன பொண்ணைக் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. "முதல்ல உன் நம்பரை மாத்து. அப்புறம் புது பாஸ்வேர்டு போடு. உனக்கு மட்டும் தெரியறதா."

"சரிக்கா. அப்பா பேரு, அப்புறம்..."

"ஏய், சொல்லாதடி!"ன்னு அக்கா காதைப் பொத்திக்கிட்டு, சுவத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாங்க.