பூ சொன்ன வண்டி

தணிகைவேல் என் தங்கை கல்பனாவின் புருஷன். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அதனால் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது. நகரியில் விசைத்தறிகளுக்கு நடுவே இருபது வருஷம் நின்று காது பாதி போயிற்று. கத்தினால்தான் திரும்புவான். ஆள் ஐந்தடி இரண்டங்குலம். ஞாயிறு தவறாமல் பழைய பைக்கில் சித்தூர், பலமனேர் என்று தனியாகச் சுற்றிவிட்டு, அந்த ஒரு நாள் சந்தோஷத்தை வைத்து ஆறு நாள் தறி ஓட்டுவான்.

போன வருஷம் பெரிய வண்டி வாங்கத் துணிந்தான். நான் புத்தூரில் மெக்கானிக் என்பதால் திருப்பதி ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கடைசியில் இரண்டு வண்டியில் ஒன்று என்று வந்து நின்றது. ஒன்று தார் ரோட்டில் நெடுந்தூரம் பறக்கிற ஸ்போர்ட் டூரர், தாழ்ந்த வண்டி. இன்னொன்று கல்லு மண்ணு எதிலும் ஏறுகிற அட்வெஞ்சர் டூரர், குதிரை உயரம். தாழ்ந்ததில் அவன் இரண்டு பாதமும் தரையில் படிந்தன. உயரமானதில் ஒரு காலின் கட்டைவிரல்தான் எட்டியது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் தாழ்ந்ததை ரேணிகுண்டா ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். நூற்று முப்பதைத் தாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தான். லாரி அடித்த ஹாரன் அவனுக்குக் கேட்கவே இல்லை. இந்த வண்டி வந்தால் என் தங்கைக்குத் தாலி நிற்காது என்று பயந்துவிட்டேன்.

சொன்னால் கேட்கிற ஆளா அவன்? பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். எங்கள் வீடுகளில் பெண் எடுப்பதென்றாலும் தண்ணிக்குப் போர் போடுவதென்றாலும் அம்மன் முன்னால் பூக்கட்டாமல் முடிவில்லை. சிவப்பு அரளி வந்தால் தாழ்ந்தது, வெள்ளை வந்தால் உயரமானது. காகிதத்தில் மடித்தது நான். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைத்தான் வைத்தேன். கல்பனா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். மற்றதை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். விளக்கு அணையவில்லை, பல்லி கத்தவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

வண்டி வந்தது. சீட்டைத் தாழ்த்திக் கொடுத்தும் கால் எட்டவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு தடவை சாய்த்தான். விற்றுவிடு என்று சண்டை போட்டேன்.

"அம்மனே குடுத்த வண்டிடா மச்சான். உட்டா குத்தம்" என்றான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், பாவி.

புரட்டாசியில் வெதுருகுப்பம் பக்கம் ஒரு ஏற்றத்தில் ஆடுகள் குறுக்கே வந்தன. வண்டியை ரோட்டோரம் நிறுத்தினான். இடது கால் தரையைத் தேடியது. அங்கே பள்ளம். பதறி வலப்பக்கம் சாய, வண்டி அவனை ரோட்டில் அமுக்கிப் படுத்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தாராம். சக்கரம் அவன் காலில் ஏறித்தான் நின்றது.

மூன்றாம் நாள் மதியம், திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி. காலில் விஷம் ஏறுகிறது, முழங்காலோடு எடுத்தால் உயிர் தங்கும், இல்லையென்றால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் தெலுங்கில் சொல்லிவிட்டுக் கையெழுத்துக்குக் காகிதம் நீட்டினார். கல்பனா அதைத் தொடவில்லை. முந்தானையில் முடிந்திருந்த சிவப்பும் வெள்ளையுமான அரளிப் பூக்களை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீயே கட்டுண்ணா. அந்தத் தாழ்ந்த வண்டி வந்திருந்தா அன்னிக்கே போயிருப்பாரு. உன் கைதான் ராசி."

காலை எடு என்று வருகிற மாதிரி இரண்டிலும் ஒரே பூவை வைத்துவிடலாம், அவன் பிழைப்பான். அந்த யோசனை எனக்கு வந்த வேகத்தை நினைத்து என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அன்னிக்கு ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன் கல்பனா" என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினவள்தான்.

அவன் பிழைத்தான். தறி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அறுந்த நூல் முடிகிறான். அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. போன வாரம் பார்க்கப் போனபோது சந்தோஷமாக என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு சக்கரம் வச்ச வண்டி ரெண்டு பார்த்து வச்சிக்கினு இருக்கேன் மச்சான். நீதான் வந்து பூக்கட்டணும்."

கல்பனா கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.