காருக்குள் காயாத கம்பளி

எழுபதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மழைக்காலத்தில் நடந்தது இது. இலங்கை மலைநாட்டில், நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு என்னைப் பதுளைக்கு அழைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். இன்றைக்கும் அதைக் கொஞ்சம் தலையை நிமிர்த்தியே சொல்வேன்.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. அம்மா பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகாமல் என்னுடன் கிளம்பிவிட்டார். கொழுந்து பறிக்கும்போது தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளியை எடுத்து, என் சேலையும் சான்றிதழ்ப் பையும் நனையாதபடி விரித்துப் பிடித்தபடியே ரோட்டுவரை நடந்தார். மழையில் பாதியைக் கம்பளி குடித்தது, மீதியை அம்மா வாங்கிக்கொண்டார். நான் காய்ந்த சேலையோடு நின்றேன். பஸ்தான் வரவில்லை.

நல்லவேளையாகத் தோட்டத்து வைத்தியரான மருந்தையாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வாடகைக் கார் நின்றது. ஓட்டியவர் பதுளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர்; எங்கள் பக்கத்தில் அவர்களை அண்ணன் முறையில் ‘நானா’ என்போம். அம்மா விஷயத்தைச் சொன்னார்.

“ஏறுங்க தங்கச்சி. பரீட்சைக்கு நேரத்தோட கொண்டு போய் இறக்குறது என் பொறுப்பு” என்றார்.

வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும் என்பதால் அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால்.

நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துப்போனது. வெளியிலும் பனிமூட்டம். பெரியவர் கையால் துடைத்தார். துடைத்த இடத்திலேயே மறுபடி படர்ந்தது.

“பயப்படாதீங்க. இது வெள்ளக்கார தொரகிட்ட வாங்கின காரு. ஹீட்டர் இருக்கு. சுடுகாத்து அடிச்சா கண்ணாடி பளிச்சுன்னு ஆயிடும்” என்று பெருமையோடு ஒரு பித்தானை இழுத்தார். விசிறி உறுமியது. வந்ததோ ஐஸ் மாதிரி குளிர்காற்று.

“சுடுகாத்துன்னீங்களே நானா?” என்றார் அம்மா, பல் கிட்டிக்கொள்ள.

பெரியவர் காரை ஓரங்கட்டி முன்மூடியைத் திறந்தார். காரில் கிடந்த அவருடைய குடையை நான் பிடித்தேன். என்ஜினிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் காருக்குள் போயின. “ஒண்ணுல சுடுதண்ணி போகணும், மத்ததுல திரும்பி வரணும். தொட்டுப் பாருங்க தங்கச்சி” என்றார். தொட்டுப் பார்த்தேன். ஒன்று சுட்டது, மற்றது சில்லென்றிருந்தது. என்ஜினோடு அந்தக் குழாய் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு பித்தளைக் குழாய்த்திருகு. பதுளை வெயிலில் யார் ஹீட்டர் போடப்போகிறார்கள்? பல வருடம் மூடியே கிடந்து இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு, குறட்டால் பிடித்து மெல்லத் திருப்பினார். குளிர்ந்த குழாய் என் உள்ளங்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியபோது, ஏதோ உயிருள்ள ஒன்றைத் தொடுகிற மாதிரி இருந்தது.

சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தோம். அம்மாவின் காலடியில் சுடுகாற்று வந்தது. ஆனால் கண்ணாடி தெளியவில்லை, இன்னும் மோசமானது. பக்கக் கண்ணாடிகளும் வெளுத்தன. இப்போது ஒரு வாடையும் சேர்ந்துகொண்டது.

பெரியவர் குனிந்து அம்மாவின் காலடியைத் தடவிப் பார்த்தார். விரல் நனைந்து வந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது.

“ஹீட்டர் உள்ளுக்க ஓட்டை. என்ஜின் தண்ணிதான் ஆவியா வருது. இப்படியே ஓட்டினா என்ஜின் வெந்துபோகும் தங்கச்சி. ஹீட்டர மூடிட்டு, பனி விலகுற மட்டும் நிக்க வேண்டியதுதான்.”

அந்த மார்கழியில் பனி எப்போது விலகும் என்று யார் சொல்வது? தோட்டமே வாழ்த்தி அனுப்பிய பரீட்சை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வாடை என் மூக்கில் சரியாக ஏறியது. ரப்பரும் இல்லை, எண்ணெயும் இல்லை. அடுப்புப் புகை, கொழுந்துக் கறை, ஈர ஆட்டுமயிர். மழைநாள் சாயங்காலங்களில் எங்கள் லயத்து அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும் வாடை. அதற்குக் கீழே உட்கார்ந்துதானே நான் பாடம் படித்தேன்!

“அம்மா, கம்பளி எங்க?”

“சீட்டு நனைஞ்சிரும்னு கீழ சொருகி வச்சேன் பாப்பா.”

குனிந்து பார்த்தேன். சுடுகாற்று வருகிற வாயிலேயே கம்பளி திணிக்கப்பட்டு, சோற்றுப்பானைபோல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இழுத்து எடுத்தேன். தண்ணீர் சொட்டியது.

“நானா, இது உங்க தண்ணி இல்ல. எங்க தண்ணி!”

பெரியவர் கம்பளியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். “அல்லாவே! என் காரையே லயமாக்கிட்டீங்களே!”

“லயத்துல கம்பளி காயும் நானா. உங்க கார்ல அதுகூடக் காயலையே” என்றேன்.

“இந்த வாயோட போனா வேல கட்டாயம் கிடைக்கும்” என்றார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கம்பளியைப் பிழிந்து டிக்கியில் போட்டோம். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டோம். கண்ணாடியின் அடியிலிருந்து பிறைபோல ஒரு தெளிவு தோன்றி மேலே ஏறியது. அந்தப் பிறைக்குள் ரோடு வந்தது, தேயிலை வந்தது, தூரத்தில் பதுளை வந்தது. என் பெயரைக் கூப்பிடும்போது நான் வாசலில் நின்றேன்.

இப்போது நான் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மழைநாளில் பிள்ளைகள் ஈரத்தோடு வந்து உட்கார்ந்ததும் வகுப்பு ஜன்னல்கள் வெளுத்துப்போகும். அந்த வாடையும் எழும். ஜன்னலைச் சற்றுத் திறந்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டுதான் பாடத்தை ஆரம்பிக்கிறேன். என்னை நனையாமல் கொண்டுவந்து சேர்த்த வாடை அல்லவா அது.