பெயருக்கு விட்ட இடம்

பரஸ்கீவாவுக்குப் பாட வராது. அவள் வாயைத் திறந்தால் கோழிகூடக் கூட்டை விட்டு ஓடும் என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஆனால் பாட்டுக் கேட்க அவளைப் போல அந்த மலையில் ஆள் கிடையாது. டிசம்பர் பிறந்ததும் மேட்டுத் தெருவில் பையன்கள் மேளம் தட்டிப் பழகுவார்கள். மர மில்லில் வேலையாக இருக்கும்போதே அது அவள் காதில் விழுந்துவிடும், அடுக்குகிற பலகையிலேயே கை தாளம் போடும். மேஸ்திரி திட்டுவான். திட்டட்டும், அவனுக்கு என்ன தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இருட்டத் தொடங்கும்போது கல்யாணமாகாத பையன்கள் வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குக் கீழே நின்று பாடுவார்கள். எல்லாம் பழைய பாட்டு. பாதிக்கு மேல் ஏசுவே கிடையாது, சூரியனும் கலைமானும்தான். பாதிரியார் இதெல்லாம் பாவம் என்பார். சொல்லிவிட்டுத் தன் வீட்டு ஜன்னலையும் திறந்து வைத்துக்கொள்வார்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்பார்கள். அந்த ஆளுக்குத் தக்க பாட்டுத்தான். பரஸ்கீவா குமரியாக இருந்தபோது, சூரியன் பெண் கேட்டு வந்து கிணற்றடியில் காத்து நிற்கிற பாட்டு. அடுத்து, புதுப் பெண்டாட்டி பாட்டு. பலகை வண்டி கவிழ்ந்து புருஷன் செத்த வருஷம், மேளமில்லாமல், இறந்தவர் பாட்டு. அன்றைக்கும் அழுகைக்கு நடுவே, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த வெட்கம் ரொம்ப நாள் போகவில்லை.

மகன் அவ்ராமுக்கு மீசை அரும்பியதும் வாலிபன் பாட்டு வந்தது. விடியலைப் பிடித்துவரக் கலைமான் மேல் ஏறிப் போகிறவனின் பாட்டு அது. மேளம் அடிக்கிற அடியில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அடிக்கிறவனே அவ்ராம்தான். தன் வீட்டு வாசலில் தனக்கே அடித்துக்கொண்டு இளிப்பான்.

அவன் ஸ்பெயினுக்குத் தக்காளி பறிக்கப் போனான். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது, அப்புறம் எப்போதாவது, அப்புறம் அந்த எண்ணே வேலை செய்யவில்லை. கூடப் போனவர்களில் ஒருத்தன் சொன்னது இன்னொருத்தன் சொன்னதோடு ஒட்டவில்லை. ஆனாலும் குளிர்காலந்தோறும் பையன்கள் வந்து கேட்டால் அவள், "ஒரு வாலிபன்" என்றாள். அவர்களும் காலி வீட்டுக்கு வாலிபன் பாட்டைப் பாடினார்கள்.

ஊருக்கு முதலில் பாவமாக இருந்தது, பிறகு பயம் வந்தது. தன் பாட்டு கிடைக்காத இறந்தவனால் உட்கார முடியாது, பனியில் நின்றுகொண்டே இருப்பான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இந்த வருஷம் சாயங்காலமே புருஷனின் தங்கை வியோரிக்கா முட்டைக்கோஸ் இலையில் அரிசி மடித்த பொட்டலம் வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"மதினி, நேத்தும் கனவுல வந்தான். வேலிகிட்ட நிக்கிறான். தோளெல்லாம் பனி. உள்ள வாடான்னா வரமாட்டேங்கிறான்."

"ஒன் கனவுல எதுக்கு வர்றான்? பெத்தவ கனவுக்கு வழி தெரியாதாமா?"

"நீங்க தூங்கினாத்தான வருவான்."

பரஸ்கீவா பொட்டலத்தை வாங்கி அடுப்போரம் வைத்தாள். அவளும் பார்த்திருந்தாள். சில விடியற்காலைகளில் வேலியோரம் ஓரிடத்தில் மட்டும் பனி மிதிபட்டுக் கிடக்கும். நாயாக இருக்கும் என்று துடைப்பத்தால் தள்ளிவிடுவாள். நாய் அப்படி ஒரே இடத்தில் நிற்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

"புள்ள உக்காரட்டும் மதினி. கால் கடுக்காதா அவனுக்கு?"

அந்த ஒரு கேள்விதான் அவளை உடைத்தது. பையன்கள் வந்து நின்றார்கள். தலைவன் தோரேல், அவ்ராமுக்குப் பிறகு மேளத்தை எடுத்தவன், "வீட்ல யாரு சித்தி?" என்று கேட்டான்.

"இறந்தவர் பாட்டு பாடுப்பா," என்றாள்.

வியோரிக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். பையன்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு அடிக்குரலில் தொடங்கினார்கள். பரஸ்கீவாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பாட்டில் பெயருக்கு ஓர் இடம் உண்டு. அதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும், சொல்லும்வரை பாடுகிறவர்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சொல்லிவிட்டால், அந்தப் பெயருக்கு அப்புறம் எந்த வருஷமும் பாட்டுக் கிடையாது. ஊரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது.

அந்த இடம் வந்தது. சுரம் நின்றது. வேலிப் பக்கம் இருட்டிவிட்டிருந்தது. அங்கே யாரோ நிற்பது போலத்தான் இருந்தது. பரஸ்கீவாவுக்குப் பயம் வந்தது. நிற்கிறவனைப் பார்த்து அல்ல, தன் வாயிலிருந்து வரப்போகிற சொல்லை நினைத்து.

"சொல்லுங்க மதினி," என்று கையைப் பிடித்து அழுத்தினாள் வியோரிக்கா. "பேரச் சொல்லுங்க. பசங்க மூச்சுப் பிடிச்சு நிக்கிறாங்க."

"பரஸ்கீவா."

ஒரு பையனுக்குக் குரல் உடைந்தது. தோரேல் நிமிர்ந்து பார்த்தான்.

"சித்தி, அது உங்க பேரு."

"எம் பேரு எனக்குத் தெரியாதா? பாடு. பாதியில நிறுத்தக் கூடாது."

நிறுத்தக் கூடாதுதான். பாடினார்கள். பாட்டிலேயே பரஸ்கீவாவை உறைந்த ஆற்றைக் கடக்கவைத்து, வெள்ளை வாசலில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டார்கள். அவள் கடைசி வரி வரை கேட்டாள், ஒரு சொல்லும் விடாமல். வியோரிக்கா எப்போது கையை விட்டாள் என்று தெரியவில்லை. சுவரோரமாகத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

பரஸ்கீவா பாடியவர்களுக்குக் கொடுக்கிற வளைய ரொட்டியை ஜன்னல் வழியே நீட்டினாள். ஒரு கையும் நீளவில்லை.

"ஜன்னல் மேல வெச்சிருங்க," என்றான் தோரேல், தரையைப் பார்த்து.

வைத்தாள். எடுத்துக்கொண்டான். இறந்தவர் ரொட்டியை எடுத்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்.

"ஆண்டவர் அவங்கள மன்னிக்கட்டும்."

"மன்னிக்கட்டும்," என்றாள் பரஸ்கீவா.

முறைப்படி இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. தோரேல் அதை வியோரிக்காவைப் பார்த்துக் கேட்டான். "இனி இந்த வீட்ல யாரு இருக்கா?"

பதில் பரஸ்கீவாவிடமிருந்துதான் வந்தது.

"அவ்ராம். இன்னும் கல்யாணம் ஆகல. மேளத்த நல்லா ஓங்கி அடி தம்பி, அவன் தூரத்துல இருக்கான்."