சுள்ளு பார்க்கும் கை

உலகத்துக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. விண்கல்லோடு வந்த கிருமி என்று செய்தியில் சொன்ன அன்று, போனில் சீரிஸ் பார்த்துப் பழகிய கூட்டம் கண்ணில் ரத்தம் வடியும், தலையில் கொம்பு முளைக்கும் என்று காத்திருந்தது. ஒன்றும் முளைக்கவில்லை. நோய் வந்தவர் யாரைத் தொட்டாலும், அவரை யார் தொட்டாலும், மற்றவருக்குச் சுள்ளென்று ஒரு சின்னப் பொறி. அவ்வளவுதான். வந்தவருக்கு வலி கிடையாது, விரல்கள் மட்டும் மெல்ல மரத்துப்போகும். எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மருந்தும் இல்லை. சென்னையில் காலேஜ் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தொட்டுத் துள்ளி வீடியோ போட்டார்கள்.

போடுவார்கள். அவர்கள் மடியில் வெடிமருந்தா இருக்கிறது?

எங்கள் சிவகாசிப் பக்கம் அதற்குச் சுள்ளு என்று பெயர். பட்டாசுக் கம்பெனிக்கு நைலான் சேலை கட்டி வந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். செருப்பைக் கழற்றி, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் ரூமுக்குள் கால் வைக்க வேண்டும். சுள்ளு வந்த உடம்பில், தகட்டைத் தொட்ட மறு நொடியே பொறி திரும்ப ஊறிவிடும். அந்த விரல் வெடிமருந்தில் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் இன்னொரு கூத்து. வந்தவருக்குத் தெரியாது, தொட்டவர் சொன்னால்தான் உண்டு. தொட்டவருக்கும் சுள்ளு இருந்துவிட்டால் இருவருக்குமே ஒன்றும் தெரியாது. ஒரு சின்னக் கம்பெனியில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அப்படி வந்து, ஒருவருக்கொருவர் தெரியாமலே வேலைக்குப் போனார்கள். அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அதன் பிறகுதான் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் ஒரு நர்ஸை நிறுத்தினார்கள். மீட்டர் வருது, வருது என்றார்கள். பெரிய கம்பெனிகளுக்கு வந்தது. எங்களுக்குக் கைதான் மீட்டர். காலையில் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று வரிசையில் வருகிறவர்களின் மணிக்கட்டைப் பிடிப்பேன். சுள்ளென்றால் வீட்டுக்கு, இல்லையென்றால் உள்ளே. நர்ஸிங் படித்ததற்கு இது ஒரு வேலையா என்று கடுப்பாக வரும்.

கற்பகவல்லியை அந்த வரிசையில்தான் பழக்கம். சரவெடி பின்னுகிறவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள், பிள்ளை இல்லை. புருஷன் சோணைமுத்து வேறொரு கம்பெனியில் மருந்து கலக்கும்போது போய்விட்டார். அப்படியிருந்தும் இதே வேலைக்கு வருகிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"பயமா இல்லையாக்கா உங்களுக்கு?"

"என்ன பயம் சிஸ்டர். அங்கன நாலு பேச்சுச் சத்தம் கேக்கும். வீட்டுல என்ன இருக்கு?"

முகம் துளி மாறாமல் சொன்னாள். கடைக்கு வழி சொல்கிற மாதிரி.

மற்றவர்கள் நான் பிடித்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். லேட்டானால் போர்மேன் கண்ணுச்சாமி கத்துவார். இவள் மட்டும் இழுக்கமாட்டாள். நான் விட்ட பிறகும் கை அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் எரிச்சலில், "போங்கக்கா, பின்னால ஆளு நிக்குதுல்ல" என்று விரட்டினேன்.

"போறேன் சிஸ்டர். அவுகளக் கடைசியாத் தொட விடல. துணியில சுத்தித் தச்சுக் குடுத்துட்டாக. தொடாதம்மா, தாங்கமாட்டன்னாக. அதுக்கப்புறம் என்னைய யாரு தொட்டா? பஸ்ஸுல இடிக்கிறவுகதான். இப்ப நீங்க பிடிக்கீக."

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவளாகக் கையை எடுக்கிற வரை பிடித்திருந்தேன். "என்ன சிஸ்டர், நாடி பாத்துச் சோசியம் சொல்லுதீகளா?" என்று கண்ணுச்சாமி கேலி பண்ணுவார். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை சுள்ளென்றது. உதறிவிட்டேன். வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே நின்றாள்.

"இனி வரிசையில நிக்கக் கூடாதா சிஸ்டர்?"

"கூடாதுக்கா."

"சரி" என்றாள். செருப்பு சரசரக்க ரோட்டைப் பார்த்து நடந்தாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இப்படி எத்தனையோ பேரை அனுப்பியாயிற்று. முதலில் எல்லாம் வீட்டுக்குப் போய் அழுவேன். இப்போது அடுத்த கையைப் பிடிப்பேன். சாயங்காலம் போய் உலை வைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

மறுநாள் காலை என் மகள் பிரீத்திக்கு ஜடை பின்னும்போது, "ம்மா, கழுத்துல குத்துதும்மா" என்று சிணுங்கினாள். "சீப்பு குத்தாம கொஞ்சுமாடி? ஆடாம இரு" என்று அதட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

கேட்டில் வரிசையின் முதல் ஆளாகக் கற்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள். துவைத்த சேலை, எண்ணெய் தேய்த்து வாரிய தலை.

"ஏத்தா, நேத்தே சொல்லியாச்சுல்ல?" என்று கண்ணுச்சாமி உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

"உள்ள விடச் சொல்லலண்ணே. சிஸ்டர ஒரு தடவ பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அது போதும்."

"இதென்னக்கா வெளையாட்டு?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அவள் கையை நீட்டிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்.

ஒன்றும் இல்லை.

கையை மாற்றிப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. அழுத்திப் பிடித்தேன். இல்லவே இல்லை. ஏசப்பா! வந்தது போனதாக இதுவரை ஒரு கேஸ்கூடக் கேள்விப்பட்டதில்லை.

"யக்கா! இல்லக்கா! போயிருச்சுக்கா!"

அவள் என்னைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள். அவள் பல்லை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கலகலவென்று பேச ஆரம்பித்தார்கள். கண்ணுச்சாமிக்கும் வாயெல்லாம் பல். "சரவெடிக்கு ஆளு பத்தாம கெடக்கேன். அப்ப உள்ள போகட்டுமா சிஸ்டர்?" என்று தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தார். கற்பகவல்லி அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

போகட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சந்தோஷத்தில் கண்ணுச்சாமியின் முழங்கையைத் தட்டினேன்.

"ஆத்தாடி!" என்று துள்ளி விழுந்தார்.

வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். கையைத் தேய்த்துக்கொண்டே அவர் முதலில் கற்பகவல்லியைத்தான் முறைத்தார். அவள் எட்டி நின்றாள், அவரைத் தொடவில்லை. தொட்டது நான்தான்.

பிரீத்தியின் கழுத்தில் குத்தியது சீப்பு இல்லை, என் விரல்.

கண்ணுச்சாமி கேட்டை இழுத்துப் பூட்டினார். வேறு நர்ஸ் வருகிற வரை தள்ளி நிற்கச் சொல்லி வரிசையைக் கலைத்தார். என்னிடம் வந்து, பக்கத்தில் வராமலே நின்று, "சிஸ்டர், நீங்களும் கொஞ்சம் தள்ளி…" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வேப்பமர வேரில் போய் உட்கார்ந்தேன்.

கற்பகவல்லி மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் போகவில்லை, எனக்கும் வந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் விரல்களைக் கோத்துப் பிடித்தாள்.

"இனி என்னையப் பிடிச்சா உங்களுக்குச் சுடாதுல்ல சிஸ்டர்?"

"சுடாதுக்கா."

சாயங்காலம் ஸ்கூல் விட்டுப் பிரீத்தி ஓடிவருவாள், வந்ததும் இடுப்பைக் கட்டுவாள். அவளை என்ன சொல்லித் தள்ளி நிறுத்துவது என்று யோசித்தேன். அழுகையும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். மரத்துப்போன என் விரல்களைக் கற்பகவல்லி விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். பார்த்ததால்தான் அது எனக்குத் தெரிந்தது.