குழந்தையிடம் போகாத ஊசி

அடித்தள வண்டி நிறுத்தத்தின் வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஓட்டுநர்களுக்கு அவள் 'கேட் அக்கா'. கூண்டுக்கு முன்னால் குறுக்கே ஓர் இரும்புக் குழாய் தொங்கும். அதில் இடிக்கிற அளவுக்கு உயரமான வண்டி உள்ளே போகக் கூடாது. வேன்காரர்களோடு மல்லுக்கட்டியே அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

ஆறாம் மாதத்தில் இடது கால் மட்டும் வீங்கி வலித்தது.

"மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்," என்றாள் கணவனின் அக்கா.

"அப்ப வலது காலு மாசமா இல்லையாக்கா?"

ஸ்கேன் அறையில் தொடைமேல் கருவியை வைத்து அமுக்கினார்கள். திரையில் வலது கால் ரத்தக்குழாய் இமைபோல் மூடித் திறந்தது. இடது காலில் எவ்வளவு அமுக்கியும் மூடவில்லை. ரத்தம் உறைந்து அடைத்திருந்தது.

"இது பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து," என்றார் டாக்டரம்மா. "தினமும் வயித்துல ஊசி போட்டுக்கணும். பிரசவத்துக்கு அப்புறமும் கொஞ்ச நாள்."

"ஊசி அதைக் கரைச்சிடுமா?"

"இல்லம்மா. மேல வளராம பாத்துக்கும். கரைக்கறது உன் உடம்பு."

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கூடவே இருந்து, இப்படிக் கரைக்கிற வேலை தெரியும் என்று அது காட்டிக்கொண்டதே இல்லை.

அவளே குத்திக்கொள்ளப் பழகினாள். கணவன் சுவரைப் பார்த்து நின்றுகொள்வான். ஒருநாள் அவன் அக்கா, "ரத்தம் உறையாம இருக்கவாம் மருந்து. புள்ளைக்கும் போய் அதுக்கு ரத்தம் நிக்காம போச்சுன்னா?" என்றாள்.

ஊசியைக் கீழே வைத்தவள் நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

"அந்த மருந்து உருவத்துல பெருசும்மா. நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ள போகாது."

"எங்க வாசல் குழாய் மாதிரியா?" என்று கேட்டு விளக்கினாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான்."

தன் வயிற்றுக்குள்ளும் ஒரு வாசல், அங்கே தூங்காமல் ஒரு காவல். அவளுக்கு மெய்சிலிர்த்தது. அன்றே ஊசியைப் போட்டுக்கொண்டாள். ஆனாலும், கூரை நசுங்கியபடி குழாயைத் தாண்டிவிட்ட வேன்களை அவள் பார்த்திருக்கிறாள்.

பிரசவ வலி எடுத்ததும் ஊசியை நிறுத்தினார்கள். பெண் குழந்தை. மறுநாள் ஏதோ பரிசோதனைக்காக நர்ஸ் அதன் குதிகாலில் குத்தினாள். வீறிட்டது. சிவப்பாய் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. நர்ஸ் அட்டையில் ஒற்றி எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"பஞ்சை எடும்மா, நான் பாக்கணும்."

"இருங்கக்கா, என்ன அவசரம்?"

எடுத்தபோது கடுகளவு கருஞ்சிவப்புப் புள்ளி. கசியவில்லை. அவள் குனிந்து மூச்சுப் படாமல் பார்த்தாள்.

"உறைஞ்சிருக்கு," என்றாள்.

"உறையாம பின்ன?" என்று தட்டை எடுத்துக்கொண்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.