நுரையையும் எண்ணிய மீற்றர்

நான் ஓர் அளவுப் பைத்தியம். இதை மனைவி சொன்னால் எனக்குக் கோபம் வரும். நானே சொன்னால் பரவாயில்லை. அகதி விண்ணப்பக் காலத்தில் பிடித்த வியாதி இது. எந்தத் திகதியில் எந்த எல்லையைக் கடந்தாய், எத்தனை பேரோடு, எத்தனை மணிக்கு என்று மேசைக்கு அப்பால் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் "ஏறக்குறைய" என்று சொன்ன இடத்திலெல்லாம் எழுதியவரின் பேனா நின்றது. அன்றோடு ஏறக்குறைய என்ற சொல்லை என் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பீலெஃபெல்டில் ஒரு பழச்சாறு ஆலையில் இயந்திரங்களைத் திருத்தும் வேலை எனக்கு. வீட்டில் பியர் காய்ச்சும் பழக்கத்தை அங்கேதான், கூட வேலை செய்த ஜெர்மன்காரன் ஒருவனிடமிருந்து பிடித்துக்கொண்டேன். வருடத்துக்கு இருநூறு லீற்றர் வரை வரி இல்லாமல் காய்ச்சலாம், ஆனால் சுங்க அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி அறிவிக்க வேண்டும் என்றான். அவன் எழுதிப் போட்டுவிட்டு மறந்துபோனான். எனக்கு அப்படி மறக்க முடியவில்லை. ஒருநாள் யாராவது கதவைத் தட்டி, இந்த வருடம் எத்தனை லீற்றர் என்று கேட்டால் நான் சரியான பதிலோடு நிற்கவேண்டும். யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று அவன் சிரித்தான். அவனை யார் எதைக் கேட்டிருக்கிறார்கள், அவனுக்கு என்ன தெரியும்?

அந்த நேரம் பார்த்து ஆலையில் ஒரு பழைய குழாய்த் தொகுதியைக் கழற்றினார்கள். கழிவுப் பெட்டியில் ஒரு மீற்றர் கிடந்தது. மேலாளரைக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் குழாய்த் துண்டு. உள்ளே ஒரு சின்னச் சக்கரம். திரவம் ஓடும்போது சக்கரம் சுழலும். எத்தனை சுற்று என்று எண்ணி, எத்தனை லீற்றர் என்று காட்ட ஒரு சிறிய பெட்டி. சமையலறைக் குழாயில் பூட்டி, பத்து லீற்றர் வாளியை வைத்துப் பத்துத் தடவை பரிசோதித்தேன். இம்மி பிசகவில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மனைவியிடம் வேறொரு கருவி இருந்தது. பீப்பாவுக்குள் பத்துப் பத்து லீற்றராகத் தண்ணீர் ஊற்றி, நீளமான அகப்பைக் காம்பு எதுவரை நனைகிறது என்று பார்த்து, கத்தியால் அதில் கோடுகள் வெட்டி வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் மேலேயே வெறுப்பு வருகிறது.

இரண்டாயிரத்து ஐந்து, மாசி மாதம். அகதி விடுதியில் என்னோடு ஒரே அறையில் கிடந்த நண்பனின் சின்ன மகளுக்கு ஆறாவது பிறந்தநாள் வந்தது. மண்டபம் எடுத்திருந்தார்கள். நூறு பலூன், அதுவும் ஊதாவும் வெள்ளையும் மட்டும் என்று நண்பனின் மனைவி ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்துவிட்டாள். ஆண்களுக்கான பியரை நான் தருவதாக வீறாப்பாகச் சொன்னேன். நாற்பது லீற்றர் திட்டம். காய்ச்சும் அன்று எவ்வளவு ஆவியாகிப் போனது, மண்டியோடு எவ்வளவு கழிந்தது என்று நான் குறிக்கவில்லை. அதுதான் மீற்றர் இருக்கிறதே, கடைசியில் அது சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

போத்தலில் அடைக்கும் நாள் வந்தது. புளித்து முடிந்த பியரில் அளவாகச் சீனி கலந்து, போத்தலில் அடைத்து மூடவேண்டும். அந்தச் சீனிதான் உள்ளே வாயுவாக மாறும். லீற்றருக்கு ஒன்பது கிராம் என்று கணக்கு வைத்திருந்தேன். குறைந்தால் பியர் சப்பென்று இருக்கும். கூடினால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் வாசித்திருந்தேன், ஆனால் அது கவலையீனமானவர்களுக்கு எழுதியது என்று தாண்டிப் போய்விட்டேன்.

ஒரு பீப்பாவிலிருந்து மற்றதற்கு மீற்றர் வழியாகப் பியரை இறக்கினேன். குழாய்ப் பூட்டு ஒன்று கொஞ்சம் தளர்ந்து காற்றை இழுத்தது. குழாய்க்குள் நுரை நுரையாக ஓடியது. சக்கரம் கீச்சென்று வேகமாகச் சுற்றியது. நல்ல வேகம் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் நுரைப்பதில்லை, பியர் நுரைக்கும். சக்கரத்துக்கோ நுரையும் ஒன்றுதான், பியரும் ஒன்றுதான். இவ்வளவு சின்ன விஷயம் ஆலையில் வருடக்கணக்காக வேலை செய்தவனுக்கு உறைக்கவில்லை.

பெட்டியில் நாற்பது லீற்றர் என்று விழுந்தது. நான் திட்டமிட்டதும் நாற்பது. புல்லரித்தது.

மனைவி அகப்பைக் காம்பை விட்டுப் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ, இருவத்தி நாலுதான் வருது. பாதிப் பீப்பாகூட இல்லை."

"நீர் உம்மடை அகப்பையை நம்பும். நான் மீற்றரை நம்புறன்."

"ஒருக்கா எட்டிப் பாத்தால் குறைஞ்சு போவியளோ?"

"வேலைக்கு நேரமாச்சு. போத்தலைக் கழுவுற அலுவலைப் பாரும்."

முந்நூற்று அறுபது கிராம் சீனியை நிறுத்து, கரைத்து, ஊற்றிவிட்டுப் பின்னேர வேலைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நண்பன் வந்து, மனைவியோடு சேர்ந்து போத்தல்களில் அடைத்து மூடிபோட்டு, தன் பங்கு இரண்டு பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். மிச்சத்தை நிலவறையில் வைத்தாயிற்று என்று தொலைபேசியில் சொன்னான். எத்தனை என்று நான் கேட்கவில்லை. மனைவி சொல்லியிருப்பாள், ஆனால் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசாத நாட்கள் அவை. நானும் வீம்புக்கு நிலவறைப் பக்கம் போகவில்லை.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை மத்தியானம். காலை வேலை முடித்துவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஒரு சத்தம் கேட்டது. யாரோ இரும்புக் கதவை அடித்துச் சாத்தியது போல.

"கெல்லரிலை என்னவோ விழுந்திட்டுது," என்றாள் மனைவி.

நிலவறைக்கு இறங்கிப் போனேன். எங்கள் பகுதியின் மரச்சட்டத் தடுப்பில், சரியாக என் கண் உயரத்தில், ஒரு கண்ணாடித் துண்டு பாதிவரை இறங்கி நின்றது. தரையெல்லாம் பியர். ஏழு போத்தல்கள் நின்றன. அவற்றின் மூடிகள் நடுவில் உப்பியிருந்தன. அப்பால் சுவரோடு, கழுவிக் கவிழ்த்தபடி, மூடாத வெறும் போத்தல்கள். எண்ணினேன். முப்பத்திரண்டு.

எண்பது அரை லீற்றர்ப் போத்தல்கள் கழுவியிருந்தோம். நிரப்பியது நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டென்றால் இருபத்திநாலு லீற்றர். அகப்பைக் காம்பு சொன்ன அதே இருபத்திநாலு. ஒன்பது கிராம் இருக்கவேண்டிய இடத்தில் பதினைந்து கிராம் சீனி. என் நிலவறை குளிர். இங்கேயே ஒன்று போய்விட்டது. மற்ற நாற்பதும் நண்பன் கொண்டுபோன இரண்டு பெட்டிகளில்.

மேலே ஓடிப்போய் நண்பன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். நண்பன் வேலையில். அவன் மனைவிதான் எடுத்தாள்.

"தங்கச்சி, அந்தப் பியர்ப் பெட்டி ரெண்டும் எங்கை?"

"சின்னவளின்ரை கட்டிலுக்குக் கீழை, அண்ணை. ஹைசுங்குக்குப் பக்கத்திலை. ரெண்டு கிழமை சூட்டிலை வையுங்கோ எண்டு நீங்கள்தானே சொல்லி விட்டனீங்கள்?"

ஓம், நான்தான் சொன்னேன். அறையைச் சூடாக்கும் ஹைசுங்குக்குப் பக்கத்தைவிட வேறெங்கே சூடு?

"பிள்ளை பள்ளிக்கூடமோ?"

"இல்லை அண்ணை, காய்ச்சல். அங்கைதான் நித்திரை. ஏன், என்ன?"

"மீற்றர் பிழையாக் காட்டிப்போட்டுது. சீனி கூடிப் போச்சு. அது வெடிக்கும், தங்கச்சி. இஞ்சை ஒண்டு வெடிச்சிட்டுது. பெட்டியைத் தொடாதேங்கோ, அசைக்காதேங்கோ. பிள்ளையை மட்டும் மெதுவாத் தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்துங்கோ."

அவள் ரிசீவரை மேசையில் வைத்தது கேட்டது. செருப்புச் சத்தம் தூரப் போனது. ஒரு கதவு திறந்தது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. தொலைபேசிக்குள் அது சின்னதாக, தட்டையாக இருந்தது. அதற்குப் பிறகு கண்ணாடி சிதறிய சத்தம்கூட இல்லை, அழுகைகூட இல்லை. நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

மனைவி ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கினாள். "நீங்கள் போங்கோ. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அவர்கள் வீடு நகரின் மறுகோடியில். கால் மணித்தியால ஓட்டம். சிவப்பு விளக்குகளில் நின்றபோதெல்லாம் அந்த மூடிகள்தான் கண்ணில் நின்றன. அந்தப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அவளை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்தது இரண்டே தடவைகள். முதல் தடவை கடலில், ஒரு படகில். அப்போது பயந்தது எனக்காக மட்டும்.

அழைப்பு மணியை அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது, ஆனால் முகம் தெரியவேண்டிய இடத்தில் முகம் இல்லை. அவள் முழங்காலில் நின்றாள். வாயில் விரலை வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டியபடி தவழ்ந்து திரும்பிப் போனாள். வலது காலுறை சிவந்து ஈரமாக இருந்தது. நானும் தவழ்ந்து பின்னால் போனேன். பிள்ளையின் அறை வாசலைத் தாண்டும்போது அவள் வேகமானாள்.

குளியலறையில், தொட்டிக்குள், கம்பளியால் சுற்றியபடி பிள்ளை இருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"மாமா, திரும்பவும் புது வருசமே? வாணம் விடினமோ?"

தாய் தொட்டிக்குள் இறங்கி, பிள்ளையின்மேல் கவிழ்ந்துகொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அப்படிச் செய்ய முடியாது. ஊரில் ஷெல் விழும்போது பங்கருக்குள் எப்படிப் படுப்பது என்று அவள் உடம்பு மறக்கவில்லை. எந்தச் சத்தத்துக்குத் தப்பி அவள் இவ்வளவு தூரம் வந்தாளோ, அதை நானே பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறேன்.

"வெளியிலை போவம், தங்கச்சி."

"அந்த அறை வாசலைத் தாண்டவேணும். தனிய எண்டால் தாண்டுவன். பிள்ளையோடை ஏலாது."

உள்ளே ஒன்று வெடித்தது. கதவு அதிர்ந்தது.

"ஆறு," என்றாள் அவள்.

சற்றுக் கழித்து இன்னொன்று. "ஏழு."

பிறகு அமைதி. ஹைசுங் குழாயில் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம். பதினைந்து.

"நிண்டிட்டுது போலை. எழும்புங்கோ தங்கச்சி, காலைப் பாப்பம்."

"எத்தினை போத்தல் குடுத்தனீங்கள்?"

"நாப்பது."

"அப்ப முப்பத்தி மூண்டு கிடக்கு." அவள் தலையைத் தூக்கவில்லை. "நிண்டிட்டுது எண்டு ஆர் சொன்னது அண்ணை? உங்கடை மீற்றரோ?"

நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு நண்பனின் தடித்த குளிர்காலக் கோட்டைப் போட்டு, முகத்துக்கு முன்னால் ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் அந்த அறைக்குள் போனேன். கட்டில் மெத்தையின் அடிப்பக்கம் கிழிந்து பஞ்சு தொங்கியது. பிள்ளையின் தலை இருந்த பக்கம் ஒரு துண்டு மெத்தையைத் துளைத்து மேலே எட்டிப் பார்த்தது. சூட்டை அணைத்து, யன்னலை அகலத் திறந்துவிட்டு வந்தேன். வெளியே உறைபனி. மறுநாள் காலை குளிரில் அடங்கிய போத்தல்களை நானும் நண்பனும் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் வெளியே மூடி திறந்து ஊற்றினோம். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறந்தநாள் குறித்தபடியே நடந்தது. எனக்குப் போக விருப்பமில்லை. மனைவி இழுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் பாட்டு, கொத்துரொட்டி, மேசை நிறையப் பிள்ளைகள். நண்பனின் மனைவி பட்டுச் சேலைக்குக் கீழே காலில் கட்டோடு எல்லோரையும் வரவேற்றாள். என்னையும் "வாங்கோ அண்ணை" என்றாள். பியர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். என்னடா செல்லம் என்று கேட்டேன்.

"அம்மா ஒரு பலூனும் கட்ட விடேல்லை, மாமா," என்றாள்.